பயணத்துக்கு நடுவே தோல் ஒர்க்‌ஷாப்: அரை நாளில் எதைச் செய்ய முடியும்?

நடைவண்டி:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த விடுமுறையில் நானும் கணவரும் 11 வயது மகளும் ஒரு பயணம் போகிறோம். சுற்றிப் பார்ப்பதற்கு நடுவே அரை நாளைக் கையால் எதையாவது செய்வதற்கென்று ஒதுக்கலாம் என்பது மகளின் யோசனை. மண்பாண்டம், மெழுகுவர்த்தி, துணியில் அச்சு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் தோலில் வந்து நிற்கிறோம். அவள் அப்பாவின் பர்ஸ் ஓரமெல்லாம் பிரிந்து கிடக்கிறது, புதிதாக ஒன்றை நானே செய்து கொடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

இணையத்தில் தேடினால் "2 மணி நேரத்தில் உங்கள் பர்ஸை நீங்களே செய்யுங்கள்" என்று நிறைய வகுப்புகள் வருகின்றன. படத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. என் சந்தேகம் இதுதான்: தோலைத் தொட்டே பார்க்காத ஆட்கள் 2 மணி நேரத்தில் உண்மையிலேயே ஒரு பர்ஸைத் தைத்துவிட முடியுமா, அல்லது எல்லாவற்றையும் அவர்களே வெட்டி ஓட்டை போட்டு வைத்துவிட்டு நம்மைக் கடைசி நான்கு தையல் போடச் சொல்வார்களா? பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து, கார்டு ஹோல்டர் இதில் முதல் தடவைக்கு எது நல்லது? நல்ல தோல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குழந்தைக்குக் கத்தி, ஊசி எல்லாம் கொடுப்பார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மெழுகுநூல்:

உங்கள் மகளின் யோசனைக்கு முதலில் ஒரு சபாஷ். நான் தோல் வேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிறவன், வெளியூர் போனால் ஒரு பட்டறையிலாவது போய் உட்காராமல் திரும்புவதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முழு பர்ஸ், அதாவது மடிக்கிற மாதிரி, உள்ளே நாலைந்து கார்டு அறை, பணம் வைக்கத் தனி அறை எல்லாம் உள்ளது, புதியவருக்கு 2 மணி நேரத்தில் முடியாது. வெட்டுவது, ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது, ஒட்டுவது, ஓட்டை போடுவது, தைப்பது, ஓரம் தேய்ப்பது என்று எல்லாவற்றையும் நீங்களே செய்தால் 5, 6 மணி நேரம் தாராளமாகப் போகும். 2 மணி நேரத்தில் முடிக்கிறார்கள் என்றால் பாதி வேலை முன்கூட்டியே முடிந்திருக்கிறது என்று அர்த்தம். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, ஆனால் எந்தப் பாதி உங்களுக்கு மிச்சம் இருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

என் கருத்து, கார்டு ஹோல்டர் செய்யுங்கள். இரண்டு, மூன்று துண்டுத் தோல், மூன்று பக்கம் தையல், அவ்வளவுதான். ஆனால் ஒரு பெரிய பையில் உள்ள அத்தனை வேலையும் சின்ன அளவில் இதில் இருக்கிறது. வங்கி அட்டை உலகம் முழுக்க 85.6 மி.மீ.க்கு 54 மி.மீ. என்ற ஒரே அளவு, அதற்குத் தோல் சுமார் 10 செ.மீ. அகலம் இருந்தால் தையலுக்கும் அட்டை நுழைவதற்கும் இடம் இருக்கும். மூன்று பக்கமும் சேர்த்து 25 செ.மீ. தையல் வரும். 4 மி.மீ. இடைவெளியில் ஓட்டை போட்டால் 60 தையலுக்குக் கொஞ்சம் மேலே. பழகாத கைக்கு இது ஒரு மணி நேர வேலை, அலுப்பு வருவதற்குள் முடிந்துவிடும்.

இப்போது தையலைப் பற்றி. இதைத் தெரிந்துகொண்டு போனால் அங்கே பாதி நேரம் மிச்சம். கைத்தையலில் பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பது சேணத் தையல், ஆங்கிலப் பேர் சேடில் ஸ்டிச். ஒரே நூல், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி. ஊசியின் நுனி மழுங்கலாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஓட்டையை ஏற்கெனவே போட்டாயிற்று. தைக்கிற நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் எடுக்கவேண்டும், 25 செ.மீ.க்கு ஒரு மீட்டர். தோலை மரப் பிடியில் கவ்வவைத்துத் தொடைக்கு நடுவே வைத்துக்கொள்வீர்கள், அப்போது இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். முதல் ஓட்டையில் நூலைப் பாதி வரை இழுத்து இரண்டு பக்கமும் சமமாக விடுங்கள். அடுத்த ஓட்டையில் இடப்பக்க ஊசி முதலில் வலப்பக்கம் வரும், அதே ஓட்டைக்குள் வலப்பக்க ஊசி இடப்பக்கம் போகும். இரண்டாவது ஊசியை நுழைக்கும்போது முதல் நூலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் ஊசி அந்த நூலையே குத்திக்கொண்டு போய் நூல் நகராமல் மாட்டிக்கொள்ளும். பிறகு இரண்டு கையாலும் ஒரே பலத்தில் இழுங்கள். எந்த ஊசி முதலில், மேலேயா கீழேயா என்ற வரிசையைக் கடைசி வரை மாற்றவே கூடாது. அந்த வரிசை மாறாமல் இருந்தால்தான் தையல் எல்லாம் ஒரே சாய்வில் வரிசையாக விழும்.

எதற்கு இவ்வளவு பாடு, மெஷின் இல்லையா என்று கேட்பார்கள். மெஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் தோலின் நடுவே ஒன்றோடொன்று கொக்கி மாட்டி நிற்கின்றன. ஒரு நூல் ஒரு இடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளர்ந்து உருவிக்கொண்டு வரும். உங்கள் வீட்டுப் பர்ஸ் ஓரம் பிரிந்து கிடப்பது பெரும்பாலும் இப்படித்தான் ஆகியிருக்கும். சேணத் தையலில் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் இரண்டு நூல் குறுக்காக ஓடுகிறது, ஒன்று அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். குதிரையின் மேல் போடுகிற சேணத்துக்கு இதையே நம்பியிருந்தார்கள், ஒரு கார்டு ஹோல்டருக்கு வேறென்ன வேண்டும்.

சுமைதாங்கி:

மெழுகுநூல் சொன்னது எல்லாம் சரி, ஆனால் எனக்குக் கார்டு ஹோல்டரில் உடன்பாடு இல்லை. நேரம் குறைவு, பொறுமையும் குறைவு என்றால் பெல்ட்தான். ஒரே நீளத் துண்டு, தையல் அனேகமாக இல்லை, பக்கிள் வைக்கிற இடத்தில் இரண்டு ரிவெட் அல்லது திருகு. ஓரம் சீவி, சாயம் போட்டு, ஓட்டை போட்டு, பக்கிள் மாட்டினால் தீர்ந்தது. தினமும் இடுப்பில் இருக்கும், யாராவது கேட்டால் நான் செய்தது என்று சொல்லலாம், அந்தச் சந்தோஷத்தை அனுபவித்தவனாகச் சொல்கிறேன்.

ஒரே ஒரு விஷயம். பேன்ட் அளவைச் சொல்லி பெல்ட் வெட்டச் சொல்லாதீர்கள். இப்போது போட்டிருக்கிற பெல்ட்டை மேசையில் நீட்டி, பக்கிள் மடிகிற இடத்திலிருந்து நீங்கள் வழக்கமாக மாட்டுகிற ஓட்டை வரை அளந்து, அந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். அது நடு ஓட்டையாக வரவேண்டும். அதற்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் இடையே 2.5 செ.மீ. உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் கவலை இல்லை. தோல் 3 முதல் 4 மி.மீ. தடிமன் இருக்கவேண்டும். இதைவிட மெலிதாக இருந்து அடியில் துணியோ வேறு ஏதோ ஒட்டியிருந்தால் அந்த வகுப்பே வேண்டாம்.

கிழக்குச்சாளரம்:

நான் தோலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எந்த ஊர் போகிறீர்கள் என்று எழுதவில்லை, எந்த ஊர் ஆனாலும் இது பொருந்தும்.

வகுப்பில் சேருவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: தோல் தாவர முறையில் பதனிட்டதா, குரோம் முறையில் பதனிட்டதா? மரப்பட்டையிலும் கட்டையிலும் இருக்கிற டானின் என்ற துவர்ப்புப் பொருளில் தோலை ஊறவைப்பது தாவர முறை. செஸ்ட்நட், மிமோசா, கெப்ராச்சோ, நம் ஆவாரம்பட்டை எல்லாம் இதற்குப் பயன்படுகிறவை. வாரக்கணக்கில் ஆகும், தடித்த தோல் என்றால் மாதக்கணக்கிலும் ஆகும். குரோமிய உப்பில் பதனிடுவது 19ஆம் நூற்றாண்டில் வந்தது, 1884இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதில் வேலை ஒரு நாளில்கூட முடிந்துவிடும் என்பதால் உலகத்தில் இன்று செய்யப்படுகிற தோலில் பெரும்பகுதி அதுதான். குரோம் தோல் மட்டம் என்று நான் சொல்லவில்லை. மெத்தென்று இருக்கும், தண்ணீரைத் தாங்கும், பைக்கும் ஜாக்கெட்டுக்கும் அருமை. ஆனால் கையால் செய்கிற வகுப்புக்குத் தாவரத் தோல்தான் சரி. எழுத்து குத்தினால் பதியும், ஓரத்தை ஈரப்படுத்தித் தேய்த்தால் பளபளக்கும், வெயில் பட்டுக் கைபட்டு நிறம் ஏறிக்கொண்டே போகும். குரோம் தோலில் எழுத்து சரியாக நிற்காது, ஓரத்துக்குப் பெயின்ட்தான் அடிக்கவேண்டும்.

கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லலாம். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், உள்ளே வரை பழுப்பாக இருந்தால் தாவரத் தோல், நடுவில் நீலம் கலந்த சாம்பல் கோடு தெரிந்தால் குரோம். துண்டுத் தோல் ஒன்றின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தாவரத் தோல் உடனே குடித்து அந்த இடம் கறுக்கும், காய்ந்ததும் மறைந்துவிடும். நன்றாக மெருகு பூசிய தோல் என்றால் இந்த இரண்டும் ஏமாற்றும், அப்போது கேட்பதைத் தவிர வழியில்லை.

பயணம் என்று சொன்னதால் இதையும் சொல்கிறேன், தோல் வேலைக்குப் பேர்போன ஊர்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கிறது. இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் சாந்தா க்ரோச்சே தேவாலய வளாகத்துக்குள்ளேயே ஒரு தோல் பள்ளி இருக்கிறது, ஸ்குவோலா தெல் குவோயோ. போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பதற்காக ஃபிரான்சிஸ்கன் துறவிகளும் தோல் தொழிலில் இருந்த கோரி, கசீனி குடும்பங்களும் சேர்ந்து 1950இல் தொடங்கியது. அதே பேரில் சாந்தா க்ரோச்சே சுல்லார்னோ என்று ஒரு ஊர், ஃப்ளாரன்ஸுக்கும் பீசாவுக்கும் நடுவில் இருக்கிறது. தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த இடம் அது, தேவாலயம் இருக்கிற இடம் வேறு, வரைபடத்தில் குழம்பிவிடாதீர்கள். மொராக்கோவின் ஃபெஸ் நகரில் சுவாரா என்ற பதனிடும் இடம், வட்டவட்டமான தொட்டிகளில் ஆட்கள் இறங்கி நின்று வேலை செய்வார்கள். சுண்ணாம்பும் புறா எச்சமும் போட்டுத் தோலை மிருதுவாக்குகிறார்கள், சுற்றியுள்ள கடைகளின் மாடியிலிருந்து பார்க்கப் போகிறவர்கள் கையில் வாடைக்குப் புதினாக் கொத்து கொடுப்பார்கள். ஜப்பானில் ஹிமேஜி, அங்கே ஒரு வெள்ளைத் தோல் உண்டு. டானினும் இல்லை, குரோமும் இல்லை, ஆற்றுத் தண்ணீர், உப்பு, கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு விதையின் எண்ணெய், வெயில், மனித உழைப்பு, இவ்வளவுதான். ஒரு தோலை இத்தனை விதமாகப் பதப்படுத்த மனிதர்கள் யோசித்திருக்கிறார்கள் என்பதே எனக்குத் தீராத ஆச்சரியம். வகுப்பு எடுப்பவரிடம் இந்தத் தோல் எங்கிருந்து வந்தது, எப்படிப் பதனிட்டது என்று கேளுங்கள். தொழிலை நேசிக்கிறவராக இருந்தால் அரை மணி நேரம் பேசுவார்.

நடைவண்டி:

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை, மூவருக்கும் மிக்க நன்றி. மகளிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், சேணத் தையலை இப்போதே அட்டையில் ஓட்டை போட்டு, தடித்த நூல் வைத்துப் பழக ஆரம்பித்துவிட்டாள். பெல்ட்டுக்குக் கணவர் ஆசைப்படுகிறார், மகளோ கார்டு ஹோல்டர்தான் என்கிறாள். சரி, ஆளுக்கு ஒன்று.

ஒரு இடத்துக்கு எழுதிக் கேட்டேன். "வெட்டிய தோல், முன்பே போட்ட ஓட்டை, ஒன்றரை மணி நேரம், ஜென்யூன் லெதர்" என்று பதில் வந்திருக்கிறது. தாவர முறையா என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. இன்னொரு இடத்தில் "3 மணி நேரம், ஓட்டை நீங்களே போடலாம், ஒரு ஆசிரியருக்கு 5 பேர்" என்கிறார்கள். இரண்டாவது இடத்துக்கு மனம் போகிறது, ஆனால் 11 வயதுப் பெண் 3 மணி நேரம் உட்காருவாளா என்று யோசனை. அப்புறம் அவளுக்கு இடது கைப் பழக்கம், அதனால் ஏதாவது சிக்கல் வருமா?

மெழுகுநூல்:

இரண்டாவது இடத்துக்கே போங்கள், யோசிக்கவே வேண்டாம்.

"ஜென்யூன் லெதர்" என்பது தரத்தின் பேர் இல்லை, இது தோல்தான், ரெக்சின் இல்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. மேல்புறத்தைத் தேய்க்காமல் விட்ட முழுத் தோலும் அதில் வரும், தடித்த தோலைக் கிடைமட்டமாகப் பிளந்து எடுத்த அடிப்பகுதியும் அதில் வரும். அந்த அடிப்பகுதியில் நார் தளர்ந்திருக்கும், அதன்மேல் ஒரு பூச்சு கொடுத்து மேல்தோல் மாதிரி காட்டுவார்கள், நாளாக ஆக மடிப்பில் அந்தப் பூச்சு வெடிக்கும். பாண்டட் லெதர் என்று வேறு ஒன்று உண்டு, தோல் தூளையும் நாரையும் பசை கலந்து தகடாக்கியது. அதில் உழைத்துத் தைப்பது வீண். நீங்கள் கேட்கவேண்டியது ஃபுல் கிரெய்ன், அதாவது மேல்புறத்தைத் தேய்க்காமல் விட்ட தோல், அதுவும் தாவர முறையில் பதனிட்டது. கார்டு ஹோல்டருக்கு 1 முதல் 1.5 மி.மீ. தடிமன் போதும், உள் அறைகளுக்கு இன்னும் மெலிதாக இருந்தாலும் நல்லது, இல்லாவிட்டால் அட்டை போடுவதற்கு முன்பே உப்பிக்கொண்டு நிற்கும்.

முன்பே ஓட்டை போட்டுக் கொடுப்பதைப் பற்றி ஒன்று. எனக்கு அதில் வருத்தம், ஏனென்றால் ஓட்டை போடுவதுதான் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கிற வேலை. முள்கரண்டி போலப் பல் உள்ள ஒரு இரும்பு உளியைக் கோட்டின் மேல் நேராக நிறுத்தி, மேலே கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், ஒரு போடு போடவேண்டும். இரும்புச் சுத்தியல் கூடாது, உளியின் தலை நசுங்கிவிடும். அடுத்த தடவை உளியை வைக்கும்போது முதல் பல்லை முன்பு போட்ட கடைசி ஓட்டைக்குள் வைத்தால் இடைவெளி மாறாது. உளி சாய்ந்தால் முன்பக்கம் நேராகவும் பின்பக்கம் கோணலாகவும் வரும், அதனால் கண்ணை உளிக்கு நேரே கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒரு வரிசை முடிந்ததும் தோலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அதைப் பார்த்த பிறகு எந்தக் குழந்தையும் எழுந்து போகாது, 3 மணி நேரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

இடது கைக்குச் சேணத் தையலில் எந்தப் பாகுபாடும் இல்லை. இரண்டு கையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. முன்பக்கம் எந்தப் பக்கம் இருக்கவேண்டும், எந்த ஊசி முதலில் என்பதை மட்டும் ஆசிரியர் மாற்றிச் சொல்லவேண்டும், அதனால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தாரணி_எழுதுகிறேன்:

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் ஒரு பட்டறையில் உதவி ஆசிரியராக இருந்தவள், மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

குழந்தைகள் விஷயம். கத்தி கொடுக்கமாட்டார்கள், கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். தோல் வெட்டுகிற கத்தி சமையலறைக் கத்தியைவிடப் பல மடங்கு கூர்மை. வெட்டுகிற வேலை அம்மா அப்பாவுக்கு, அதுவும் இரும்பு ஸ்கேல் வைத்து, ஸ்கேலைப் பிடிக்கிற விரல்கள் ஓரத்தைவிட்டு நன்றாகத் தள்ளி இருக்கவேண்டும். ஒரே அழுத்தில் வெட்டவேண்டும் என்று இல்லை, அதே கோட்டில் இரண்டு மூன்று தடவை லேசாக இழுத்தால் போதும். ஊசி மழுங்கல் என்று மெழுகுநூல் அண்ணா ஏற்கெனவே சொல்லிவிட்டார், உளி, கொட்டாப்புளி எல்லாம் 11 வயதுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

மகள் அப்பாவுக்குத்தானே செய்கிறாள், பேர் குத்தச் சொல்லுங்கள். இதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். எழுத்து பதியவேண்டுமானால் தோலை முதலில் ஈரப் பஞ்சால் ஒரே சீராகத் துடைக்கவேண்டும், உடனே குத்தக் கூடாது. ஈரம் உள்ளே இறங்கி, மேல்புறம் கிட்டத்தட்டப் பழைய நிறத்துக்கே திரும்பிவிடும், ஆனால் கன்னத்தில் வைத்தால் இன்னும் ஜில்லென்று இருக்கும். அந்த நேரத்தில் குத்தினால் எழுத்து அடுப்பில் சுட்ட மாதிரி கரும்பழுப்பில் ஆழமாக விழும். முன்பே குத்தினால் எழுத்து மங்கிப் பரவிவிடும், காய்ந்த பிறகு குத்தினால் பதியவே பதியாது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி அச்சு, தலை எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு தடவையும் பார்த்து வைக்கவேண்டும். தோலில் அழிரப்பர் கிடையாது. முதலில் துண்டுத் தோலில் முழுப் பேரையும் குத்திப் பார்த்து, இடைவெளி கணக்குப் பண்ணி, பிறகு நிஜத் தோலுக்குப் போகட்டும். பெரும்பாலான இடங்களில் ஆங்கில எழுத்து அச்சுதான் இருக்கும். தமிழில் வேண்டும் என்றால் பேரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், ஈரத் தோலின் மேல் அந்தத் தாளை வைத்து மழுங்கிய முனையால் அழுத்தி வரைந்தால் கோடு இறங்கிவிடும், பிறகு தாளை எடுத்துவிட்டு அதே கோட்டை ஆழப்படுத்தலாம். கையெழுத்திலேயே வரும், அச்சைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும்.

ஈரமாக இருக்கும்போது நகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நகக்குறி அப்படியே நின்றுவிடும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். ஈரமான தாவரத் தோலில் இரும்புத் தூள் பட்டால் டானினோடு சேர்ந்து கருநீலக் கறை விழும். விழுந்தால் எலுமிச்சைச் சாற்றை உடனே தடவினால் பெரும்பாலும் போகும், ஆனால் வராமல் பார்த்துக்கொள்வது மேல்.

அப்புறம் சாயம். வகுப்பிலேயே சாயம் போட்டால் முழுதாகக் காய நேரம் போதாது. வேறொரு ஊரில் நான் போய் உட்கார்ந்த ஒரு வகுப்பில் சாயம் காய்வதற்குள் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். விடுதிக்கு வந்து பிரித்தால் மேல்புறம் முழுக்கத் திட்டுத்திட்டாக உறையின் சுருக்கம் பதிந்திருந்தது, எவ்வளவு உழைத்த வேலை, மனசு ஆறவே இல்லை. சாதாரணத் தாளில் சுற்றித் தரச் சொல்லுங்கள். முடிந்தால் சாயமே போடாமல் இயற்கை நிறத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வெளிறி இருக்கும், அப்பாவின் சட்டைப்பையில் இருந்து இருந்து தேன் நிறத்துக்கு வரும், பிறகு இன்னும் கறுக்கும்.

சுமைதாங்கி:

தாரணி சொன்ன கன்னத்தில் வைத்துப் பார்க்கிற வித்தையைக் குறித்துக்கொண்டேன்.

பெல்ட் செய்கிற கணவருக்கு ஒரு வார்த்தை. ஓரம் தேய்க்கிற வேலைக்கு நேரம் மிச்சம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லோரும் பக்கிள் மாட்டியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். ஓரத்தின் கூர்மையான விளிம்பை அதற்கென்று இருக்கிற சின்னக் கருவியால் இரண்டு பக்கமும் சீவி, உப்புத்தாள் போட்டு, தண்ணீரோ டிராககாந்த் பிசினோ தடவி, வரிபோட்ட மரக்கட்டையால் சூடு பறக்கத் தேய்த்தால் நார் எல்லாம் படிந்து கண்ணாடி மாதிரி ஆகும். பெல்ட் முழு நீளத்துக்கும் இரண்டு ஓரம், கை வலிக்கத்தான் செய்யும், ஆனால் கடையில் வாங்கியதற்கும் கையால் செய்ததற்கும் உள்ள வித்தியாசம் விரலை ஓட்டிப் பார்த்தாலே தெரிவது அங்கேதான்.

கார்டு ஹோல்டருக்கும் இதே வேலை உண்டு, தைத்து முடித்த பிறகு எல்லா அடுக்கையும் சேர்த்துத் தேய்க்கவேண்டும். அந்த ஒன்றரை மணி நேர வகுப்பில் இதற்கு நேரமே இருக்காது, அதனாலும் இரண்டாவது இடம்தான்.

நடைவண்டி:

இரண்டாவது இடத்திலேயே மூன்று பேருக்கும் சொல்லியாயிற்று. தாவர முறையில் பதனிட்ட தோள்பட்டைப் பகுதித் தோல், 1.4 மி.மீ., பெல்ட்டுக்கு 3.5 மி.மீ. என்று கேட்காமலே எழுதியிருக்கிறார்கள், உங்கள் பதில்களைப் படித்திராவிட்டால் எனக்கு இது ஒன்றுமே புரிந்திருக்காது. நானும் ஒரு சின்னச் சாவிக்கொத்து செய்யலாம் என்று இருக்கிறேன்.

கடைசியாக இரண்டு கேள்வி. அங்கே கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்தால் பெல்ட்டில் மலைப்பாம்புத் தோல் பட்டை ஒன்று வைத்துத் தருவார்களாம், கணவருக்கு ஆசை வந்துவிட்டது. அது சரிவருமா? அப்புறம் மகள் ஊசி, நூல், உளி எல்லாம் அடங்கிய ஒரு சின்னப் பெட்டியும் வாங்கவேண்டும் என்கிறாள், விமானத்தில் கொண்டுவர விடுவார்களா?

கிழக்குச்சாளரம்:

மலைப்பாம்பு வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கு சைட்டீஸ் என்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது, 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது, உலகத்தின் பெரும்பாலான நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. மலைப்பாம்பு, முதலை இனங்கள் எல்லாம் அதன் பட்டியலில் உள்ளவை. ஒரு பெல்ட்டில் ஒரு பட்டை என்றாலும் எல்லை தாண்டும்போது உரிய அனுமதிச் சீட்டு கேட்கலாம், இல்லாவிட்டால் சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பட்டறைக்காரர் "ஒன்றும் ஆகாது" என்பார், ஆனால் சுங்கத்தில் பதில் சொல்லப்போவது நீங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், காட்டுப் பிராணியின் தோலை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்வதில் எனக்கு மனம் ஒப்புவதில்லை. மாடு, ஆடு, எருமைத் தோலில் இல்லாத அழகா.

மெழுகுநூல்:

பெட்டி தாராளமாக வாங்கலாம். உளி, குத்தூசி, கத்தி, ஓரம் சீவுகிற கருவி எல்லாவற்றையும் செக்-இன் செய்கிற பெட்டியில் போட்டுவிடுங்கள், முனைகளுக்குக் கார்க் அல்லது தடித்த அட்டையைச் செருகி, பெட்டியைத் திறந்து பார்க்கிற ஊழியர் கையைக் குத்தாதபடி கட்டிவையுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிட வாய்ப்பு அதிகம். மெழுகு நூல், தேன்மெழுகு, மரக்கட்டை, துண்டுத் தோல் இவை எதிலும் வரலாம்.

பெட்டியோடு கான்டாக்ட் சிமென்ட் பசை கொடுத்தால் அதை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள். தீப்பற்றக் கூடியது, கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. ஊருக்கு வந்து தண்ணீர் கலந்த தோல் பசை வாங்கிக்கொள்ளலாம், வாடையும் குறைவு, குழந்தை பக்கத்தில் இருந்தாலும் பயமில்லை. நூல் பாலியஸ்டர் என்றால் கடைசி முனையைச் சுட்டு ஒட்டுவார்கள், அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள். லினன் நூல் என்றால் இரண்டு மூன்று தையல் பின்னோக்கிப் போட்டு ஒட்ட வெட்டினால் போதும். பெட்டி வாங்குவதற்கு முன் உளியின் பல் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள், வகுப்பில் பழகிய அதே இடைவெளி இருந்தால் மகளுக்கு வீட்டில் எளிதாக இருக்கும். மீதித் துண்டுத் தோல் கொஞ்சம் கிடைக்குமா என்று அவர்களிடமே கேளுங்கள், பல பட்டறைகளில் ஒரு கூடை நிறைய வைத்திருப்பார்கள், ஒரு பிடி அள்ளிக் கொடுப்பார்கள்.